பூனைக்கு வந்த வைரஸ் மனிதருக்கு வருமா?

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களும் படிக்கட்டும் என்று செயலாளர் கேட்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



தலைவர், செயலாளர், பொருளாளர், பெரியவர்கள், சகோதர சகோதரிகள், பின்வரிசையில் சமோசாவுக்காகக் காத்திருக்கும் குட்டிகள் எல்லோருக்கும் என் அன்பு. எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். வங்கியில் 36 வருடம் கிளார்க்காக இருந்தவன் நான். நேரத்துக்குக் கவுண்டரை மூடுவது எனக்குத் தெரியும். கவலைப்படாதீர்கள்.

நான் டாக்டர் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. படித்தது பி.காம். ஆனால் போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததைப் பார்த்த பிறகு இந்த விஷயத்தைக் கொஞ்சம் உட்கார்ந்து படித்தேன். என் தம்பி மகள் கால்நடை மருத்துவம் படித்தவள். நான் எழுதியதை அவளிடம் கொடுத்துத் திருத்தி வாங்கியிருக்கிறேன். இதற்கு மேல் தவறு இருந்தால் அது என் கணக்கில் பற்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். செக்யூரிட்டி அறை நாற்காலியில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் சாம்பல் நிறக் கடுவன் பூனைக்குக் குழந்தைகள் 'மேனேஜர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேலை செய்யாமல் நாற்காலியில் இருப்பதால் வந்த பெயராம். வங்கியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைப் பற்றி நான் கருத்துச் சொல்ல விரும்பவில்லை. அதற்குக் கருத்தடை ஆபரேஷன் செய்ய நம் இளைஞர்கள் சிலர் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்ததில் எஃப்.ஐ.வி. இருக்கிறது என்று சீட்டு வந்தது. யாரோ அதைக் குழுவில் போட, இன்னொருவர் இணையத்தில் தேடி, 'இது பூனை எய்ட்ஸ்' என்று போட்டார். அவ்வளவுதான். அன்று இரவு மட்டும் 112 செய்திகள். எண்ணிப் பார்ப்பது பழைய பழக்கம், அதனால் எண்ணினேன். 'எய்ட்ஸ் பூனையை உடனே அப்புறப்படுத்துங்கள்', 'இதைத் தொட்ட குழந்தைகளுக்கு டெஸ்ட் எடுக்க வேண்டுமா?', 'கோணியில் கட்டி வெளியே விட்டுவிடலாம்' என்றெல்லாம் வந்தன.

அத்தனை செய்திகளுக்கு நடுவே ஒரு செய்தி என்னை யோசிக்க வைத்தது. பி பிளாக்கில் இருக்கும் ஒரு அம்மா கேட்டிருந்தார்: "ஹெச்.ஐ.வி.யும் குரங்குகிட்டேருந்து வந்ததுன்னுதானே சொல்றாங்க? அப்ப பூனைகிட்டேருந்து ஏன் வராது?" கோபமே இல்லாத, நியாயமான கேள்வி. யாரும் அதற்குப் பதில் சொல்லவில்லை. என்னுடைய இருபது நிமிடமும் அந்தக் கேள்விக்குத்தான்.

முதலில், இந்த வைரஸ் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். எனக்குத் தெரிந்த வங்கி மொழியிலேயே சொல்கிறேன். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. என்ற பெரிய லெட்ஜர் இருக்கிறது. ஸ்ட்ராங் ரூமில் பூட்டி வைத்த மாதிரி செல்லின் நடுவே பத்திரமாக இருக்கும். அன்றாட வேலைக்கு லெட்ஜரை வெளியே எடுக்க மாட்டார்கள். வேண்டிய பக்கத்தை மட்டும் ஒரு சீட்டில் பிரதி எடுத்து அனுப்புவார்கள். அந்தச் சீட்டுதான் ஆர்.என்.ஏ. எப்போதும் லெட்ஜரைப் பார்த்துத்தான் சீட்டு எழுதுவார்கள். சீட்டைப் பார்த்து லெட்ஜரில் ஏற்ற மாட்டார்கள். விஞ்ஞானிகளும் வெகுநாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

1970-ல் அமெரிக்காவில் ஹோவர்ட் டெமின், டேவிட் பால்டிமோர் என்ற இருவர், தனித்தனியாக ஆராய்ந்து, சில வைரஸ்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன என்று காட்டினார்கள். இந்த வைரஸ் கையில் ஒரு சீட்டோடு உள்ளே வருகிறது. கூடவே ஒரு எழுத்தரையும் கூட்டிவருகிறது. 'ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ்' என்பது அந்த எழுத்தரின் பெயர். அவர் சீட்டை லெட்ஜர் மொழியில் மாற்றி எழுதி, நம் சொந்த லெட்ஜரிலேயே ஒரு பதிவாக ஏற்றிவிடுகிறார். அதன்பிறகு அலுவலகம் அதைத் தன் பதிவு என்று நம்பிப் பிரதி எடுத்துக்கொண்டே இருக்கிறது. தலைகீழாகப் போவதால் இவற்றுக்கு 'ரெட்ரோ வைரஸ்' என்று பெயர். இருவருக்கும் 1975-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஒருமுறை லெட்ஜரில் ஏறிய பதிவை அழிப்பது எவ்வளவு கஷ்டம் என்று வங்கிக்காரர்களுக்குத் தெரியும். ஹெச்.ஐ.வி.யை உடம்பிலிருந்து முழுக்க நீக்குவது கஷ்டமாக இருப்பதும் இதனால்தான்.

இந்தக் கூட்டத்தில் ஒரு கிளைக்கு 'லென்டி வைரஸ்' என்று பெயர். 'லென்டி' என்றால் மெதுவான என்று பொருள். உள்ளே வந்து பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்து பிறகு நோய் காட்டும். ஹெச்.ஐ.வி.யும் நம் மேனேஜரின் எஃப்.ஐ.வி.யும் இந்தக் கிளையைச் சேர்ந்தவை. ஆகவே உறவு உண்டு என்பது உண்மை. குழுவில் போட்டவர் அதில் தவறு செய்யவில்லை. உறவு இருப்பதாலேயே குணமும் ஒன்றாக இருக்குமா என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

உறவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் அரையாண்டுக் கணக்கு முடிக்கும்போது பட்டியல்களைக் கையால் பிரதி எடுப்போம். ஒருவர் 7-ஐ 1 என்று எழுதிவிடுவார். அதைப் பார்த்து எழுதியவரும் 1 என்றே எழுதுவார், கூடவே தன் பங்குக்குப் புதிதாக ஒரு தவறும் செய்வார். நாலு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதைப் பார்த்து எது எழுதப்பட்டது என்று சொல்லிவிடலாம். ஒரே தவறு இரண்டு பட்டியலில் இருந்தால் இரண்டுக்கும் மூலம் ஒன்று. ரெட்ரோ வைரஸின் எழுத்தர் அவசரக்காரர். பிரதி எடுக்கும்போது நிறையத் தவறு செய்வார், சரிபார்க்கவும் மாட்டார். வெவ்வேறு விலங்குகளின் வைரஸ்களை வரிசையாக வைத்து அந்தத் தவறுகளை ஒப்பிட்டுத்தான் யாருக்கு யார் உறவு, எப்போது பிரிந்தார்கள் என்று சொல்கிறார்கள்.

இனி குடும்ப உறுப்பினர்களைப் பார்ப்போம்.

முதலில் ஆடு. ஐஸ்லாந்தில் 1933-ல் தங்கள் ஆட்டு மந்தையை மேம்படுத்தலாம் என்று ஜெர்மனியிலிருந்து 20 காரகுல் ஆடுகளை வரவழைத்தார்கள். பார்க்க நல்ல ஆரோக்கியமான ஆடுகள். சில ஆண்டுகள் கழித்து உள்ளூர் ஆடுகள் மூச்சு வாங்கியும், பின்னங்கால் தளர்ந்து மெலிந்தும் சாக ஆரம்பித்தன. வந்த ஆடுகள் நோயைக் காட்டாமலே கொண்டுவந்திருந்தன. அங்கே பியோர்ன் சிகுர்ட்சன் என்ற மருத்துவர், 1954-ல், மிக மெதுவாக வேலை செய்யும் தொற்றுநோய்கள் என்று ஒரு தனி வகை உண்டு என்று விளக்கினார். ஹெச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்படுவதற்கு 29 ஆண்டுகள் முன்னால். லட்சக்கணக்கான ஆடுகளை வெட்டி அழித்துத்தான் 1965 வாக்கில் அந்த நோயை நாட்டைவிட்டு ஒழித்தார்கள். ஐஸ்லாந்து மக்கள் அந்த ஆடுகளோடு வாழ்ந்தவர்கள், அவற்றின் இறைச்சியைச் சாப்பிட்டவர்கள். மனிதர் ஒருவருக்கும் அந்த நோய் வரவில்லை.

அடுத்தது குதிரை. குதிரைகளுக்கு ரத்தசோகை உண்டாக்கும் ஒரு லென்டி வைரஸ் உண்டு. அதை ஒரு குதிரையிலிருந்து இன்னொரு குதிரைக்குக் கொண்டுபோவது பெரிய குதிரை ஈக்கள். வாயில் ஒட்டிய ரத்தத்தோடு அடுத்த குதிரையைக் கடிக்கும். ஆனால் ஹெச்.ஐ.வி. கொசுக்கடியில் பரவுவதில்லை. ஒரே குடும்பம்தான். ஒன்று ஈயில் ஏறிப் போகிறது, இன்னொன்று போவதில்லை. ஒன்று எப்படிப் பரவுகிறது என்பதை வைத்து மற்றதைச் சொல்லிவிட முடியாது.

இப்போது நம் கதாநாயகன், பூனை. 1986-ல் அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் பெட்டலூமா என்ற ஊரில் நிறையப் பூனைகளை வைத்துப் பராமரித்த ஓர் இடத்தில், ஒரு கொட்டகைப் பூனைகள் மட்டும் இளைத்து, வாய்ப்புண் வந்து, ஒவ்வொன்றாகச் செத்தன. நீல்ஸ் பெடர்சன், ஜானெட் யமமோட்டோ என்ற ஆராய்ச்சியாளர்களின் குழு ரத்தம் எடுத்துப் பார்த்துப் புதிய வைரஸைக் கண்டுபிடித்தது. உடம்பு சரியில்லாத 25 பூனைகளில் 10-க்கு அது இருந்தது. ஆரோக்கியமான 18 பூனைகளில் ஒன்றுக்கு மட்டுமே இருந்தது. மறுவருடம் வெளியிட்ட அந்த முதல் கட்டுரையிலேயே, பூனையிடமிருந்து மனிதருக்குப் பரவியதற்கு ஆதாரம் இல்லை என்றும் எழுதினார்கள். இது முக்கியமாகப் பரவுவது ஆழமான கடிக் காயத்தால். அதனால் ஊர்ச்சண்டை போடும் கடுவன் பூனைகளுக்குத்தான் அதிகம் வருகிறது. நம் மேனேஜரின் கிழிந்த காதைப் பார்த்தவர்களுக்கு எப்படி வந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

பூனையின் பெரியப்பா சிங்கத்துக்கும் இதே குடும்பத்தில் தனி வைரஸ் உண்டு. ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் வயது வந்த சிங்கங்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அது இருக்கிறது. இருந்தும் அவை வேட்டையாடி, குட்டி போட்டு வாழ்கின்றன. நம் குஜராத் கிர் காட்டுச் சிங்கங்களைப் பரிசோதித்தபோது அவற்றிடம் அது இல்லை.

குரங்குகளின் கதைதான் நாம் கவனமாகப் பார்க்க வேண்டியது. ஆப்பிரிக்காவில் 40-க்கும் மேற்பட்ட குரங்கினங்களுக்கு எஸ்.ஐ.வி. என்ற வைரஸ்கள் இருக்கின்றன. மேற்கு ஆப்பிரிக்காவில் சூட்டி மாங்கபே என்று ஒரு குரங்கு. அதன் ரத்தத்தில் வைரஸ் ஏராளமாக இருக்கும், ஆனால் பொதுவாக நோய் வராது. அதே வைரஸ் அமெரிக்க ஆராய்ச்சிக்கூடங்களில் ஆசியாவைச் சேர்ந்த ரீசஸ் குரங்குகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அவை எய்ட்ஸ் மாதிரி நோய் வந்து செத்தன. ஒரே வைரஸ்தான். ஒரு வீட்டில் சாதுவான வாடகைதாரராக இருந்தது, இன்னொரு வீட்டில் வீட்டையே இடித்துவிட்டது.

சிம்பன்சிக்கும் தனி எஸ்.ஐ.வி. உண்டு. அதற்கு இது ஒன்றும் செய்யாது என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஜேன் குடால் 1960-ல் ஆராய்ச்சி தொடங்கிய தான்சானியாவின் கோம்பே காட்டில், பல ஆண்டுகள் ஒவ்வொரு சிம்பன்சியாகக் கவனித்து 2009-ல் அறிக்கை வெளியிட்டார்கள். வைரஸ் உள்ளவை, இல்லாதவற்றைவிட 10 முதல் 16 மடங்கு அதிக மரண ஆபத்தில் இருந்தன. உட்கார்ந்த இடத்திலிருந்தே சாது என்றோ சண்டியர் என்றோ முடிவு கட்டக்கூடாது. ஒவ்வொரு விலங்காகப் போய்ப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இப்போது பி பிளாக் அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். ஆம், ஹெச்.ஐ.வி. குரங்கினத்திலிருந்துதான் வந்தது. உலகம் முழுக்கப் பரவிய ஹெச்.ஐ.வி.-1 வகையின் மிக நெருங்கிய உறவு தென்கிழக்குக் கேமரூன் காட்டுச் சிம்பன்சிகளிடம் இருக்கிறது. காட்டுச் சிம்பன்சியைப் பிடித்து ஊசி போட முடியுமா? காட்டுத் தரையிலிருந்து அவற்றின் சாணத்தைப் பொறுக்கி, அதிலிருந்த வைரஸின் எழுத்தைப் படித்து, 2006-ல் இதை உறுதிப்படுத்தினார்கள். ஹெச்.ஐ.வி.-2 என்ற இன்னொரு வகை நான் சொன்ன சூட்டி மாங்கபே குரங்கிலிருந்து வந்தது. எல்லாம் சேர்த்து, குறைந்தது 12 முறை இந்த வைரஸ்கள் மனிதருக்குத் தாவியிருக்கின்றன. வேட்டையாடி அறுக்கும்போது விலங்கின் ரத்தம் வேட்டைக்காரரின் காயத்தில் பட்டு வந்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அந்த 12-ல் ஒன்றே ஒன்றுதான் உலகத் தொற்றாக மாறியது. அந்த ஒன்றால் இறந்தவர்கள் 4 கோடிக்கும் மேல். ஆகவே, 'விலங்கிலிருந்து வரவே வராது' என்று நான் சொன்னால் அது பொய்.

அப்படியானால் பூனையிடமிருந்து ஏன் வராது? மூன்று காரணம்.

முதல் காரணம் சாவி. வங்கி லாக்கரைத் திறக்க இரண்டு சாவி வேண்டும், ஒன்று வங்கியின் சாவி, மற்றது உங்கள் சாவி. இந்த வைரஸ்களும் செல்லுக்குள் நுழைய இரண்டு பூட்டைத் திறக்க வேண்டும். இரண்டாவது பூட்டு ஹெச்.ஐ.வி.யின் பல ரகங்களுக்கும் எஃப்.ஐ.வி.க்கும் ஏறக்குறைய ஒன்றேதான். முதல் பூட்டு வேறு. ஹெச்.ஐ.வி. திறப்பது சி.டி.4 என்ற பூட்டை. எஃப்.ஐ.வி. திறப்பது பூனையின் சி.டி.134 என்ற பூட்டை. மனிதரிடமும் அந்தப் பெயரில் ஒரு பூட்டு உண்டு, ஆனால் பூனை வைரஸின் சாவி அதில் பொருந்துவதில்லை. சிம்பன்சி நமக்கு மிக நெருங்கிய சொந்தம். அதன் பூட்டும் நம் பூட்டும் கிட்டத்தட்ட ஒரே கம்பெனித் தயாரிப்பு. பூனையின் முன்னோரும் நம் முன்னோரும் பிரிந்து சுமார் 9 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

இரண்டாவது காரணம் உள்ளே இருக்கும் காவலர்கள். ஒருவேளை நுழைந்துவிட்டாலும், செல்லுக்குள் அன்னிய வைரஸைத் தடுக்கும் புரதங்கள் பல இருக்கின்றன. ஒவ்வொரு வைரஸும் தன் சொந்த வீட்டுக் காவலரை ஏமாற்றத்தான் பழகியிருக்கும். ஒரு உதாரணம்: மனிதரைக் கொல்லும் ஹெச்.ஐ.வி.-1-ஐ ரீசஸ் குரங்குக்குக் கொடுத்தால் அது அங்கே வளர முடிவதில்லை. குரங்கின் செல்லில் இருக்கும் ஒரு காவலர் அதைத் தடுத்துவிடுகிறார் என்று 2004-ல் கண்டுபிடித்தார்கள். குரங்கினத்துக்குள்ளேயே இந்த நிலை என்றால், பூனைக்கும் மனிதருக்கும் நடுவே எத்தனை கதவு என்று பாருங்கள்.

மூன்றாவது காரணம் அனுபவம். இந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டு ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஆகின்றன. உலகம் முழுக்கக் கால்நடை மருத்துவர்கள் தினமும் பூனையிடம் கடி வாங்குகிறார்கள், பிறாண்டல் வாங்குகிறார்கள், ஊசி குத்திக்கொள்கிறார்கள். அப்படிப்பட்டவர்களின் ரத்தத்தைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். மனிதரிடம் எஃப்.ஐ.வி. தொற்று காணப்படவில்லை. தடவிக் கொடுத்தால், மடியில் உட்கார வைத்தால், அது நக்கினால், எதிலும் வராது. நாய்க்கும் வராது.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். சில ரெட்ரோ வைரஸ்கள் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் முட்டை, விந்து செல்களின் லெட்ஜரிலேயே ஏறிவிட்டன. அதன்பிறகு தலைமுறை தலைமுறையாக, நாம் 'முன்பக்கத் தொகை' என்று எழுதுவோமே, அந்த மாதிரி வந்துகொண்டே இருக்கின்றன. மனித டி.என்.ஏ.வில் சுமார் 8 சதவீதம் இப்படிப்பட்ட பழைய வைரஸ்களின் மிச்சம். ஆஸ்திரேலியாவில் கோலா என்ற விலங்குக்கு இது நம் காலத்திலேயே நடந்துகொண்டிருக்கிறது. நம்மிடம் ஏறியதில் ஒன்று பயனுள்ள வேலையும் செய்கிறது. கர்ப்பப்பையில் குழந்தையைத் தாயோடு இணைக்கும் நஞ்சுக்கொடி உருவாக உதவும் ஒரு புரதம் பழைய ரெட்ரோ வைரஸ் கொடுத்தது. உடம்பில் வைரஸ் இருப்பவரை எல்லாம் வெளியே அனுப்புவது என்று தீர்மானம் போட்டால், இந்த ஹாலில் தீர்மானத்தில் கையெழுத்துப் போடக்கூட ஆள் மிஞ்சாது.

சரி, நாம் என்ன செய்ய வேண்டும்? நடைமுறை விஷயங்கள்.

முதலாவது, வந்த சீட்டு வைரஸை நேரடியாகக் காட்டும் சீட்டு அல்ல. வைரஸுக்கு எதிராக உடம்பு தயாரித்த எதிர்ப்புப் பொருளைக் காட்டுவது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருளே இப்படிக் காட்டும், அதனால் குட்டிகளுக்கு மறுபடி பார்க்க வேண்டும். மேனேஜர் வளர்ந்த பூனை. இருந்தாலும் மறுபரிசோதனை செய்துகொள்வது நல்லது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது, இருப்பது உறுதியானாலும் இப்படிப்பட்ட பூனைகள் பல ஆண்டுகள் நன்றாக வாழ்கின்றன. ஆபத்து மற்ற பூனைகளுக்குத்தான், அதுவும் சண்டையில். கருத்தடை செய்துவிட்டால் சண்டை குறையும். ஆகவே அந்த ஆபரேஷனை நிறுத்தாமல் முடிக்க வேண்டும். வீட்டுக்குள் வைத்துக்கொள்ள யாராவது முன்வந்தால் இன்னும் நல்லது. கோணியில் கட்டி வேறு தெருவில் விட்டால், அங்கே இருக்கும் பூனைகளோடு புதிதாகச் சண்டை போட்டு அவற்றுக்கும் கொடுக்கும்.

மூன்றாவது, பூனைகளுக்கு ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் இன்னொரு ரெட்ரோ வைரஸ் இருக்கிறது. 1964-ல் கிளாஸ்கோவில் கண்டுபிடித்தது. அது ஒரே தட்டில் சாப்பிடுவதிலும் ஒன்றையொன்று நக்குவதிலும் பரவும். அதற்குத் தடுப்பூசி உண்டு. வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அதுவும் மனிதருக்கு நோய் தருவதில்லை.

நான்காவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். பூனையைப் பார்த்து நாம் நிஜமாகப் பயப்பட வேண்டியது ரேபிஸ். பூனை கடித்தாலோ பிறாண்டி ரத்தம் வந்தாலோ, அந்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் தடவக்கூடாது. அந்த 112 செய்திகளில் ரேபிஸ் தடுப்பூசி பற்றி ஒன்றுகூட இல்லை. நம் வளாகத்துப் பூனைகள் அனைத்துக்கும் ரேபிஸ் ஊசி போட நிதி ஒதுக்க வேண்டும் என்று சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன். என் பங்கைப் பொருளாளரிடம் இன்றே கொடுத்துவிடுகிறேன், ரசீது வேண்டும்.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் நான் ஏன் இவ்வளவு அக்கறையாகப் படித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1997-ல் ஒரு மாவட்டத் தலைநகரில் ஒரு கிளையில் இருந்தேன். எனக்கு அடுத்த கவுண்டரில் ஒரு நண்பர். என்னைவிட நாலு வயது சின்னவர். என்னை 'அண்ணே' என்று கூப்பிடுவார். அவருக்கு ஹெச்.ஐ.வி. என்று எப்படியோ தெரிந்துவிட்டது. தொட்டால் வராது, டம்ளரால் வராது என்று அப்போதே டி.வி.யில், சுவர் விளம்பரத்தில் எல்லாம் சொன்னார்கள். எனக்கும் அது தெரியும். இருந்தும், டீ கொண்டுவரும் பையனிடம் அவருடைய டம்ளரைத் தனியாக ஜன்னலோரம் வை என்று சொன்னவன் நான்தான். அவர் அதைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் டீ கொண்டுவர ஆரம்பித்தார். என்னைக் கூப்பிடும்போது 'அண்ணே' மாறி 'சார்' ஆகிவிட்டது. 1999-ல் இறந்துவிட்டார். மாலை வாங்கிக்கொண்டு போனேன். தெருமுனை வரை போய், யார் என்ன நினைப்பார்களோ என்று நின்று, மாலையைக் கோவில் வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

இன்னும் ஐந்து வருடம் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். 2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு இலவச ஹெச்.ஐ.வி. மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் தொடங்கிய எட்டு மையங்களில் தாம்பரம் சானடோரியம் ஒன்று. இன்று தினம் ஒரு மாத்திரை. ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், துணைவருக்குக்கூட உடலுறவால் பரவாது. அந்த மாத்திரையில் இருக்கும் டெனோஃபோவிர் என்ற மருந்து, தொற்றையே தடுக்க வல்லது என்று 1995-ல் முதலில் காட்டியது குரங்குகளிடம், எஸ்.ஐ.வி.யை வைத்துத்தான். விலங்குகளின் வைரஸ்களை ஒப்பிட்டுப் படித்ததால் மனிதர் பிழைத்த கதை அது.

நம் வளாகத்தில் 186 வீடுகள். ஐந்நூறு, அறுநூறு பேர் இருக்கிறோம். நம்மில் யாராவது ஒருவர் ஹெச்.ஐ.வி.யோடு, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வாழ்ந்துகொண்டிருக்கலாம். அவரும் அந்த வாட்ஸ்அப் குழுவில் இருக்கலாம். அன்று இரவு 'எய்ட்ஸ் இருப்பதைக் கோணியில் கட்டி வெளியே விடுங்கள்' என்று அவர் படித்திருந்தால், அதைப் பூனையைப் பற்றி எழுதியதாகவா எடுத்துக்கொண்டிருப்பார்?

எழுதியவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. குழந்தைகள் மேல் இருந்த பயத்தில் எழுதினார்கள். நானும் அன்று பயத்தில்தான் டம்ளரைத் தள்ளி வைத்தேன். ஆனால் எனக்கு அப்போது விஷயம் தெரிந்திருந்தது, தெரிந்தும் செய்தேன். உங்களுக்கு இன்று சொல்லிவிட்டேன். குழுவில் இன்னும் இருக்கும் அந்தச் செய்திகளைப் போட்டவர்கள், முடிந்தால் இன்று வீட்டுக்குப் போனதும் அழித்துவிடுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

மேனேஜர் இப்போது எங்கள் வீட்டு பால்கனியில் இருக்கிறார். ஆபரேஷன் முடியும் வரை என்று சொல்லித்தான் வீட்டில் அனுமதி வாங்கினேன். என் மனைவி அவருக்குத் தனித் தட்டு வைத்திருக்கிறாள். அது வைரஸுக்காக இல்லை, மீன் வாடைக்காக.

சமோசா ஆறுவதற்குள் முடித்துக்கொள்கிறேன்.